மூன்றாவது மாடிக்கு மண் எங்கே? ஒரு ஃப்ளாட் பத்திரத்தின் கதை

சென்னையில் அடையாறு, திருவான்மியூர் பக்கம் ஃப்ளாட் பார்க்கப் போகிற குடும்பம் முதலில் வாசல் எந்தத் திசை என்று பார்க்கும். அப்புறம் மெட்ரோ தண்ணீர் வருதா, கார் நிறுத்த இடம் இருக்கா, லிஃப்ட் உண்டா, ஸ்கூல் எவ்வளவு தூரம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது கூட வந்த சித்தப்பாவோ மாமாவோ கேட்பார்: "யூடிஎஸ் எவ்வளவு?" புரோக்கர் முகம் அப்போதுதான் கொஞ்சம் சீரியஸாகும்.

இதே குடும்பம் மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வீடு பார்த்தால் இந்தக் கேள்வி பெரும்பாலும் வராது. அங்கே கேட்பது வேறு: "சொசைட்டி எப்படி? ஷேர் சர்டிபிகேட் யார் பேர்ல இருக்கு?" இரண்டு ஊரிலும் வாங்குவது நாலு சுவரும் ஒரு பால்கனியும்தான். கேள்வி மட்டும் ஏன் மாறுகிறது என்று தோண்டப் போய் எழுதியது இந்தக் குறிப்பு. வீடு தேடிக்கொண்டிருக்கும் சில நண்பர்களுக்கும் உதவலாம்.

அடிப்படைச் சிக்கல் ஒன்றுதான். நம் சொத்துச் சட்டத்தில் சொத்து என்றால் முதலில் மண். மண் யாருடையதோ அதன் மேல் நிற்பதும் அவருடையது என்பதுதான் பழைய கணக்கு. 1882-ம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் வயலும், தோட்டமும், தனி வீடும்தான் இருந்திருக்கும். மூன்றாவது மாடியில் ஆகாயத்தில் தொங்கும் 1000 சதுர அடியை எப்படி விற்பது? அதற்கு நான்கு எல்லை எழுத முடியாது. கீழே இருக்கிற மண் ஒருவருடையது, மேலே இருக்கிற வீடு இன்னொருவருடையது என்றால் கட்டடம் விழுந்த மறுநாள் மேல்வீட்டுக்காரருக்கு என்ன மிச்சம்? இந்தக் கேள்விக்கு பம்பாய் ஒரு பதில் கண்டுபிடித்தது. மெட்ராஸ் வேறொரு பதில்.

பம்பாய்க்கு அவசரம் முதலில் வந்தது. 1896-ல் அங்கே பிளேக் பரவியது. நெரிசலான சால் வீடுகள்தான் காரணம் என்று அரசு முடிவு செய்து, 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டை அமைத்தது. பழைய ஊருக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் நிலத்தை எடுத்து, அகலமான தெருக்கள் போட்டு, மனைகளை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. 1920கள், 30களில் அங்கே எழுந்தவைதான் இரண்டு, மூன்று மாடிக் கட்டடங்கள். அப்போது அது புறநகர். கும்பகோணத்திலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் கற்றுக்கொண்டு ரயிலேறிய நம் ஆட்கள் குடும்பத்தோடு தங்கியது இந்த மாட்டுங்காவில்தான். இந்தப் புறநகர் வரலாற்றை எழுதிய நிகில் ராவ், அந்த ஃப்ளாட்டின் பெரிய ஈர்ப்பு என்று வீட்டுக்குள்ளேயே இருந்த கழிப்பறையைச் சொல்கிறார். சாலில் அது வராந்தாக் கோடியில், பொதுவில். ஆசாரம் பார்த்த குடும்பங்களுக்குத் தனிக் கழிப்பறை வசதி மட்டுமல்ல, சாதி விஷயமும்கூட. அதே கழிப்பறை அடுப்படிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது இன்னொரு சங்கடம்!

ஆனால் இவர்கள் எல்லாம் வாடகைக்காரர்கள். வீடு வாங்கும் எண்ணமே பெரிதாக இல்லை. ஊரில் வீடும் நிலமும் இருந்தது, ரிட்டயர் ஆனால் அங்கே போவது என்ற நினைப்பு.

உடைமை பற்றிய யோசனை இன்னொரு மூலையில் தொடங்கியிருந்தது. கனரா பக்கத்திலிருந்து வந்த சாரஸ்வதர்கள் 1915-ல் காம்தேவியில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பதிவு செய்தார்கள். முன்னின்றவர் எஸ். எஸ். தல்மாக்கி. யோசனை எளிமையானது. மண்ணும் கட்டடமும் சங்கத்துக்குச் சொந்தம். சங்கத்தில் உறுப்பினருக்குப் பங்கு உண்டு, அந்தப் பங்குக்கு ஒரு வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு. ஆக, மூன்றாவது மாடிக்காரரும் தரைத்தளக்காரரும் சமம், இருவருக்கும் தனியாக மண் இல்லை. மும்பைக்காரர் இன்றும் ஷேர் சர்டிபிகேட்டைக் கேட்பதற்கு வேர் இதுதான்.

இதில் ஒரு நெருடல் உண்டு. சங்கம் என்றால் உறுப்பினர் யார் என்ற கேள்வி வரும். சாதி, மொழி, மதம் பார்த்துச் சேர்க்கும் சங்கங்கள் பல. அகமதாபாத்தில் ஒரு பார்சி சங்கம் பார்சிகளுக்கு மட்டுமே வீடு என்று விதி வைத்திருந்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. நம் ஊரில் "வெஜிடேரியன் ஒன்லி" போர்டு வாடகை வீட்டு வாசலில் தொங்குகிறது. அங்கே அதையே சங்க விதியில் எழுதி வைக்க முடிந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வாடகைக்காரரை வாங்குபவராக மாற்றியது 1947-ம் வருஷத்து பம்பாய் வாடகைச் சட்டம். வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தோடு கட்டிப் போட்டது அது. யுத்த கால விலையேற்றத்தில் வாடகைக்காரரைக் காப்பதுதான் நோக்கம். காப்பாற்றவும் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு வாடகைக்கென்று கட்டடம் கட்ட எந்த முதலாளிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? இருக்கும் வீட்டுக்கு 'பகடி' என்று கறுப்பில் ஒரு தொகை, புது வீடு வேண்டுமென்றால் விலைக்குத்தான். இப்படித்தான் 'ஓனர்ஷிப் ஃப்ளாட்' என்ற சொல்லே பம்பாயில் புழக்கத்துக்கு வந்தது. கூடவே ஏமாற்றும் வந்தது. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கட்டாமல் விடுவது, ஒரே வீட்டை இருவருக்கு விற்பது. 1963-ல் மகாராஷ்டிரா ஓனர்ஷிப் ஃப்ளாட் சட்டம் கொண்டுவந்தது. பணத்தை வாங்குவதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தம், அதற்குப் பதிவு, பிறகு சங்கம் அமைத்து மண்ணை அதன் பேருக்கு மாற்றித் தர வேண்டும். கடைசிச் சொன்னதைத்தான் பல பில்டர்கள் செய்யவில்லை. குடியேறிப் பல வருஷம் ஆன பிறகும் மண் பழைய முதலாளி பேரிலேயே இருந்த சங்கங்கள் ஏராளம். பில்டர் வராவிட்டாலும் அரசே மாற்றித் தரலாம் என்ற வழி 2008-ல்தான் வந்தது. மும்பையில் பழைய ஃப்ளாட் வாங்குபவர் "கன்வேயன்ஸ் முடிஞ்சுதா?" என்று கேட்பது இதனால்தான்.

இப்போது மெட்ராஸ். இங்கே நடுத்தர வர்க்கத்தின் கனவு மனை. 1920களில் நீண்ட ஏரியைத் தூர்த்து வந்த தியாகராய நகரில் விற்றது மனை. 1940களின் இறுதியில் அடையாறு காந்தி நகரைக் கொண்டுவந்தது கூட்டுறவுச் சங்கம்தான், ஆனால் அதுவும் உறுப்பினருக்குத் தனித்தனி மனையாகவே கொடுத்தது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூரில் ஸ்டோர் வீடுகளில் ஒண்டுக்குடித்தனம் இருந்தவர்களும் ஆசைப்பட்டது ஒரு கிரவுண்ட், ஒரு கிணறு, இரண்டு தென்னை. ஒரு கிரவுண்ட் என்றால் 2400 சதுர அடி. இந்த அளவு இன்னும் நம் வாயிலிருந்து போகவில்லை.

அந்த மனை வாங்கியவர் காலமானபோதுதான் கதை மாறியது. இரண்டு கிரவுண்ட் வீடு, நாலு பிள்ளைகள், ஒருவர் அமெரிக்காவில். பிரிக்கவும் முடியாது, ஒருவர் மற்றவர்களுக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளவும் முடியாது. பில்டர் வந்து, வீட்டை இடித்து எட்டு ஃப்ளாட் கட்டுகிறேன், நாலு உங்களுக்கு, நாலு எனக்கு என்கிறார். 1970, 80களில் தொடங்கி அடையாறும் மந்தைவெளியும் இப்படித்தான் உருமாறின. பில்டரின் நாலு வீட்டை வெளியாளுக்கு எப்படி விற்பது?

மெட்ராஸ் வக்கீல்கள் கண்டுபிடித்த வழியை நான் ரசிக்கிறேன், கொஞ்சம் பயத்தோடு. சங்கமெல்லாம் வேண்டாம். 4800 சதுர அடி மண்ணில் 600 சதுர அடி 'பிரிக்கப்படாத பங்கு', அதுதான் யூடிஎஸ், உங்களுக்கு விற்கிறோம். அதற்குக் கிரயப் பத்திரம். வீடு? அதை நாங்கள் விற்கவில்லை, உங்கள் மண்ணில் உங்களுக்காகக் கட்டித் தருகிறோம். அதற்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம். காகிதப்படி, எட்டு பேர் சேர்ந்து மண் வாங்கி ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டார்கள், பில்டர் வெறும் மேஸ்திரி! முத்திரைத்தாள் கட்டணமும் முக்கியமாக மண்ணுக்குத்தான் என்பதால் வாங்குபவருக்கும் சந்தோஷம். தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு 2023 டிசம்பர் வரை நடந்தது. அந்த மாதம்தான் புது ஃப்ளாட்டுக்கு மண்ணும் கட்டடமும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு என்று அரசு மாற்றியது.

இதில் நல்லது ஒன்று உண்டு. உங்கள் பேரில் நிஜமாகவே மண் இருக்கிறது. எங்கே என்று மட்டும் காட்ட முடியாது. அந்த 600 சதுர அடியில் முருங்கை நட முடியாது, வேலி போட முடியாது.

இந்தப் பங்கு எவ்வளவு வரும் என்பதை ஒரு எண் தீர்மானிக்கிறது: எஃப்எஸ்ஐ, அதாவது மண்ணைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு. சென்னையில் சாதாரணக் கட்டடங்களுக்கு ரொம்ப காலம் 1.5. 2019 விதிகளில் அது 2 ஆனது, உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25. வகுத்துப் பாருங்கள். 1000 சதுர அடி கட்டுமானத்துக்கு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் சுமார் 667 சதுர அடி மண். புது விதியில் 500. உயர்மாடி டவரில் சுமார் 308. கூடுதல் கட்டணம் கட்டி வரம்பை ஏற்றியிருந்தால் இன்னும் குறையும். நடைமுறையில் படிக்கட்டு, லாபி கணக்கெல்லாம் சேர்ந்து எண் கொஞ்சம் மாறும், திசை மாறாது. அடையாறில் 35 வருஷப் பழைய, சுவர் ஊறிய ஃப்ளாட்டுக்கு அந்த விலை ஏன் என்று திகைப்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. சுவர் வருஷா வருஷம் தேய்கிறது, விலை போவது அடியில் இருக்கும் மண் பங்கு. சித்தப்பாவின் கேள்வி சரியான கேள்விதான்.

சரி, பெரியவர்கள் கேட்காமல் விடும் கேள்வியும் ஒன்று உண்டு. எல்லா வீட்டு யூடிஎஸ்ஸையும் கூட்டினால் மொத்த மனை வருகிறதா? எட்டு வீட்டுக்கும் 550 என்று எழுதியிருந்தால் கூட்டுத்தொகை 4400. மீதி 400 யாரிடம்? பில்டரோ பழைய சொந்தக்காரரோ கையில் வைத்திருந்தால், பின்னால் மொட்டை மாடியில் ஒரு தளம் ஏற்ற அது பிடிமானமாகலாம். பத்திரத்தின் ஏ ஷெட்யூலில் மொத்த மனையும், பி ஷெட்யூலில் உங்கள் பங்கும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களின் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தால் அரை மணி நேர வேலை.

கட்டடத்தைப் பற்றி அந்தப் பழைய காகிதங்கள் அதிகம் பேசவில்லை. அதன் விலையை 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பார்த்தோம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதே 2016-ல் ரெரா சட்டம் வந்தது. சுவருக்குள்ளே நிஜமாக நடமாடும் பரப்பான கார்பெட் ஏரியாவுக்குச் சட்டத்தில் விளக்கம் வந்தது, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் வந்தது. பம்பாய்க்காரருக்கு 1963-ல் கிடைத்ததைப் போன்ற பாதுகாப்பு நமக்கு வர ஐம்பது வருஷத்துக்கு மேலாகியிருக்கிறது.

மெட்ராஸ் முறையின் பெரிய பலவீனம் கட்டடம் வயதாகும்போதுதான் தெரியும். மண் எட்டு பேருக்குப் பொது. இடித்துக் கட்ட எட்டுக் கையெழுத்தும் வேண்டும், ஒருவர் முடியாது என்றால் முடியாது. 1994-ல் தமிழ்நாடு அடுக்குமாடி உடைமைச் சட்டம் வந்தது, ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது. அதற்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டம் நிறைவேறி 2024-ல் அமலுக்கு வந்தது. மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் போதும் என்கிறது இது.

எட்டு வீட்டுக் கட்டடத்தில் மூன்றில் இரண்டு என்றால் ஆறு கையெழுத்து. மீதி இரண்டு வீடு பெரும்பாலும் யாருடையது என்பது அந்தத் தெருக்களில் நடந்தால் தெரியும். தரைத்தளத்தில் எழுபத்தைந்து வயது அம்மா, பிள்ளைகள் வெளிநாட்டில். இரண்டு வருஷம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டுப் புதுக் கட்டடத்தின் ஐந்தாவது மாடிக்குத் திரும்பி வருவது அவருக்கு லாபக் கணக்கு இல்லை. மற்ற ஆறு பேருக்கோ ஒழுகும் கூரையும், லிஃப்ட் இல்லாத படியும், கண்ணுக்கெதிரே ஏறும் மண் விலையும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. பழைய ஃப்ளாட் வாங்குகிற இளம் தம்பதி, தெரிந்தோ தெரியாமலோ, இதில் ஒரு பக்கத்து ஓட்டையும் சேர்த்து வாங்குகிறார்கள். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சங்கச் செயலாளரிடம், மறுகட்டுமானம் பற்றிக் கூட்டம் போட்டார்களா, யார் யார் சம்மதித்தார்கள் என்று கேட்டுவிடுங்கள். முடிந்தால் அந்தத் தரைத்தளத்து அம்மாவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.