பரீட்சகரின் பரீட்சை

கணினி நிரல் எழுதும் உத்தியோகத்தை நாடிச் செல்லும் இளைஞர் ஒவ்வொருவரும், முன்பின் அறியாத ஒருவர் எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க, முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு புதிரை விடுவித்து, விடுவிக்கும் வழியையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கும் நேர்முகத் தேர்வின் சரித்திரத்தைப் புரட்டினால், அதில் வினாக்களைப் பற்றிய அத்தியாயங்கள் நிறைந்திருப்பதையும், வினாத் தொடுப்பவரைப் பற்றிய அத்தியாயம் மட்டும் எழுதப்படாமலே கிடப்பதையும் காணலாம்.

1921-ல் தாமஸ் எடிசன், தம்மிடம் வேலை கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பொது அறிவு வினாக்கள் அடங்கிய தாளை நீட்டியபோது பத்திரிகைகளில் பெரும் விவாதம் எழுந்தது. அவ்வினாக்களில் ஒன்றான ஒலியின் வேகத்தைப் பற்றி ஐன்ஸ்டீனிடம் கேட்டதற்கு, புத்தகத்தில் எளிதில் கிடைக்கும் விவரங்களைத் தாம் மனத்தில் சுமப்பதில்லை என்று அவர் விடையளித்தார். நிரல் எழுதுவோர் என்ற தொழிலினம் உருவானபின், 1955-ல் ஐபிஎம் நிறுவனத்தார் எண் தொடர்களும் வடிவ ஒப்புமைகளும் கணக்குகளும் கொண்ட திறனறி தேர்வொன்றை வகுத்தனர். பல நிறுவனங்கள் அதைக் கையாண்டன. ஞாபகசக்தியை அளந்தாலும் தர்க்கசக்தியை அளந்தாலும், அவையிரண்டும் காகிதத்தின்மேல் நடந்த பரீட்சைகள்.

காகிதத்தோடு நில்லாமல், மனிதரின் பார்வையும் கடிகாரமும் இடையே புகும்போது பரீட்சை என்னவாகிறது என்பதற்கு, 1957-ல் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் நடந்த சம்பவமொன்று சாட்சி. டிரான்சிஸ்டர் ஆராய்ச்சிக்காக முந்திய ஆண்டில்தான் நோபல் பரிசு பெற்றிருந்த வில்லியம் ஷாக்லி, ஜேம்ஸ் கிப்பன்ஸ் என்னும் இளம் பொறியாளரை எதிரே அமர்த்தி, ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, தோற்றவர் உடனே விலகிவிடும் டென்னிஸ் பந்தயத்தில் 127 பேர் கலந்துகொண்டால் வெற்றியாளரைத் தீர்மானிக்க எத்தனை ஆட்டங்கள் வேண்டும் என்று கேட்டார். முதற் சுற்றில் 63, அடுத்ததில் 32 என்று கூட்டிக்கொண்டே போவது பலருக்கும் தோன்றும் வழி. கிப்பன்ஸோ, ஓர் ஆட்டம் ஒருவரை வெளியேற்றுகிறது, வெளியேற வேண்டியவர் 126 பேர், ஆகையால் ஆட்டங்களும் 126 என்று கணத்தில் கூறிவிட்டார். மகிழ்ந்திருக்க வேண்டிய பரீட்சகர் சினந்து, இதை முன்பே கேட்டதுண்டா என்று ஐயுற்றார் என்றும், அடுத்த புதிரில் இளைஞர் தாமதித்த பிறகே அவர் முகம் தெளிந்தது என்றும் சொல்லப்படுகிறது. கிப்பன்ஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார், பின்னாளில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலத்துக்குத் தலைமையும் வகித்தார். ஆயினும் அறிவைத் தேடுவதற்காக அமைத்த பரீட்சை, அறிவு எதிர்ப்பட்ட கணத்தில் பரீட்சகரின் கௌரவப் போராட்டமாக மாறியது என்பதை நாம் மறப்பதற்கில்லை.

புதிர் கேட்கும் வழக்கத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் பிரசித்தமாக்கியது. கூகுளும் அதைக் கைக்கொண்டது. 2013-ல் கூகுளின் பணியாளர் துறைத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக், அத்தகைய புதிர்கள் எதையும் முன்னறிவிப்பதில்லை, கேட்பவர் தம்மை அறிவாளியென்று எண்ணிக்கொள்ளவே உதவுகின்றன என்று வெளிப்படையாகச் சொன்னார். புதிர்கள் பின்வாங்கின, வெண்பலகையில் நிரல் எழுதிக் காட்டும் சோதனையோ நிலைத்துவிட்டது. 2020-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாப்ட் ஆய்வாளரும் 48 மாணவர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், தனியறையில் எழுதியவர்களோடு ஒப்பிட, ஒருவர் பார்த்திருக்க எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே இறங்கியது.

பார்வை ஒன்றே இத்தனை பாரமானால், அந்தப் பார்வையில் ஏளனமும் சேரும்போது, விடையை வாய்வரை கொண்டு வந்த இளைஞரும் நாத்தழுதழுத்து நிற்பதில் வியப்பென்ன? சிந்திப்பவருக்கு மௌனம் அளித்தல், தடுமாறுபவருக்கு ஒரு குறிப்புச் சொல்லல், தாம் எதிர்பாராத வழியில் வந்த விடையையும் பொறுமையோடு கேட்டல் ஆகிய இம்மூன்றும் பரீட்சகரின் தர்மம். இவற்றில் தேர்ச்சி பெறாதவரைப் பிறரைத் தேர்ந்தெடுக்கும் ஆசனத்தில் அமர்த்துவது, வந்தவருக்கும் அமர்த்திய நிறுவனத்துக்கும் ஒருங்கே இழைக்கும் அநீதியாகும்.