பழுப்பு நிலங்களும் மண் ஆய்வு நிதியும்

பழுப்பு நிலம் என்பது, நச்சுப் பொருள் மண்ணில் தங்கியிருக்கிறது அல்லது தங்கியிருக்கலாம் என்ற ஐயத்தால் யாரும் வாங்கவோ கட்டடம் எழுப்பவோ முன்வராத நிலம் ஆகும். ஆங்கிலத்தில் இது பிரவுன்ஃபீல்டு எனப்படுகிறது. பழைய ஆலைகள், பெட்ரோல் நிலையங்கள், ட்ரைகிளீனிங் கடைகள் இருந்த இடங்கள் இவ்வகையில் அடங்கும். இவ்வரையறையில் 'தங்கியிருக்கலாம்' என்னும் சொல்லே முக்கியமானது. இத்தகைய நிலங்களில் பல, உண்மையில் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று எவரும் தோண்டிப் பார்த்ததில்லை. அமெரிக்க அரசு இந்த ஐயத்தைப் போக்கவே தனியாக நிதி ஒதுக்க நேர்ந்தது.

இதன் தொடக்கம் நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்ஸ் நகரிலுள்ள லவ் கால்வாய். பாதியில் கைவிடப்பட்ட இக்கால்வாயில் ஹூக்கர் என்னும் வேதிப்பொருள் நிறுவனம் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 டன் கழிவைக் கொட்டி மூடியது. பின்னர் அந்நிலத்தை உள்ளூர்ப் பள்ளி வாரியத்துக்கு 1 டாலருக்கு விற்றது. கழிவு புதைந்திருப்பது விற்பனைப் பத்திரத்திலேயே குறிப்பிடப்பட்டிருந்தது. ஆயினும் அங்கே பள்ளிக்கூடம் கட்டப்பட்டது. சுற்றிலும் வீடுகளும் எழுந்தன. 1978 ஆகஸ்டில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அங்கு நெருக்கடி நிலையை அறிவித்தார், குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

இதன் விளைவாக 1980 டிசம்பர் 11 அன்று 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் கையெழுத்தானது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இதன் நோக்கம். அது நியாயமானதே. ஆனால் சட்டத்தின் பிடி மாசுபடுத்தியவரோடு நிற்கவில்லை. நிலத்தின் தற்போதைய உரிமையாளரும், அக்கழிவை அவர் கொட்டாதிருந்தாலும், துப்புரவுச் செலவு முழுவதற்கும் பொறுப்பாக்கப்படலாம். 1986 திருத்தம், வாங்குமுன் உரிய விசாரணை செய்தும் மாசு இருப்பதை அறியாதவருக்கு மட்டும் விலக்களித்தது. 1990இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கடன் கொடுத்த நிறுவனமும் சில சூழல்களில் பொறுப்பாகலாம் என்றது. வங்கிகள் பின்வாங்கின. புதிய ஆலைகள் நகருக்கு வெளியே வயல்வெளிகளைத் தேடிச் சென்றன. நகரின் நடுவே, வேலை தேவைப்பட்ட ஏழை மக்கள் வாழ்ந்த பகுதிகளில், பூட்டிய ஆலைகள் அப்படியே நின்றன. மக்களைக் காக்க வந்த சட்டமே அவர்கள் தெருவில் முள்வேலியை நிலைக்கச் செய்தது.

1993இல் கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ஒகையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகர் அமைந்துள்ள கயஹோகா மாவட்டத்துக்கு முதல் முன்னோடி நிதியை வழங்கியது. இத்திட்டத்தில் ஓர் ஊருக்கு உச்சவரம்பு 2 லட்சம் டாலர். ஓர் ஆலை வளாகத்தைச் சுத்தம் செய்யக்கூட இது போதாது. ஆனால் பணம் சுத்தம் செய்வதற்கன்று, கண்டறிவதற்கு.

கண்டறிதல் இரு கட்டங்களில் நடக்கிறது. முதற்கட்டத்தில் ஒரு பிடி மண்ணும் எடுப்பதில்லை. பழைய பத்திரங்கள், ஊர் விவரக் கையேடுகள், வான்படங்கள் பார்க்கப்படுகின்றன, அக்கம்பக்கத்தாரிடம் கேட்கப்படுகிறது. தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகத் தயாரிக்கப்பட்ட சான்போர்ன் வரைபடங்கள் இங்கே பெரிதும் உதவுகின்றன. எந்தச் சுவர் செங்கல், எது மரம், எண்ணெய்த் தொட்டி எங்கே என்பதையெல்லாம் அவை காட்டும். தீக்குப் பயந்து வரைந்தவை பின்னாளில் நஞ்சைத் தேடப் பயன்பட்டன! ஐயத்துக்கு இடமிருந்தால் இரண்டாம் கட்டத்தில் துளையிட்டு மண்ணும் நிலத்தடி நீரும் சோதிக்கப்படுகின்றன. முடிவு மோசமாக இருந்தாலும், இன்ன செலவாகும் என்ற தொகை கையில் கிடைக்கும். தொகை தெரிந்த கடனுக்கு வங்கி உடன்படும், தெரியாததற்கு உடன்படாது.

1995இல் முகமை தன் ஐயப்பட்டியலிலிருந்து ஏறத்தாழ 24,000 இடங்களை நீக்கியது. 2002 ஜனவரி 11 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ், பென்சில்வேனியாவின் கான்ஷஹாக்கன் ஊரில் பழுப்பு நிலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். உரிய விசாரணை செய்து வாங்கியவருக்கு, மாசு இருப்பது தெரிந்தே வாங்கியிருந்தாலும், நிபந்தனைகளுடன் இச்சட்டம் பாதுகாப்பு தந்தது. ஆய்வுக்கும் துப்புரவுக்கும் ஆண்டுக்கு 20 கோடி டாலர் வரை அனுமதித்து, அதில் கால்பங்கைப் பெட்ரோலியம் கசிந்த இடங்களுக்கென ஒதுக்கியது. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் மேலும் 150 கோடி டாலர் அளித்தது.

இந்நிதி போட்டி முறையில் வழங்கப்படுவதால், விண்ணப்பம் எழுதத் தனி அலுவலர் இல்லாத சிற்றூர்கள் பின்தங்குகின்றன. சுத்தமான நிலத்தைச் சுற்றி வாடகை உயர்ந்தால், அதுவரை மாசோடு வாழ்ந்தவர்களே வெளியேற நேரிடுகிறது. ஆலையை நடத்தி லாபம் பார்த்தவர் மறைந்துவிட்ட இடங்களில், ஆய்வுக் கட்டணத்தைச் செலுத்துவது பொதுமக்களின் வரிப்பணமே.