அலாய் வீலுக்கேற்ற டயர் தேர்வு (மாஸ்டா எம்எக்ஸ்-5)

1989இல் வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 5.5 அங்குல அகலமுள்ள 14 அங்குலச் சக்கரத்தில் 185/60 ஆர்14 டயருடன் வந்தது. இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது. கணக்கிட்டால் டயரின் முழு விட்டம் சுமார் 578 மி.மீ.

15 அங்குல அலாய் வீலுக்கு மாறுவோர் இந்த விட்டத்தைக் காப்பதே முதல் விதி. 195/50 ஆர்15 டயரின் விட்டம் 576 மி.மீ. என்பதால் வேகமானி ஏறக்குறைய மாறாது. பலர் விரும்பும் 205/50 ஆர்15 டயரோ 586 மி.மீ.; காட்டும் வேகத்தைவிட வண்டி சுமார் 1.5 சதவீதம் விரைவாக ஓடும். அதற்குப் பொருந்தும் ரிம் அகலம் 5.5 முதல் 7.5 அங்குலம். நான்கு போல்ட், அவை அமையும் 100 மி.மீ. வட்டம், 54.1 மி.மீ. நடுத்துளை ஆகியவையும் பொருந்த வேண்டும். ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) தவறினால் டயர் மட்கார்டிலோ சஸ்பென்ஷனிலோ உரசும்.

டயரின் வகையும் அளவுக்கு இணையாக முக்கியம். கோடைக்கால டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கும். பந்தயத்தடத்துக்கான மென்ரப்பர் டயர் உலர்ந்த சாலையில் அபாரமாகப் பிடிக்கும். ஆனால் விரைவில் தேயும், ஆழமில்லாத பள்ளங்களால் மழைநீரில் வழுக்கும். எடை குறைந்த இந்த வண்டிக்கு மிக அகலமான டயர் தேவையில்லை. இலகுவான 15 அங்குல வீலும் நல்ல கோடைக்கால டயருமே சிறந்த தேர்வு.