கால்ஷீட் கணக்கு



கடந்த பொங்கல் விழா உங்களுக்கு நினைவிருக்கும். மாலை 6 மணிக்குத் தொடங்குவதாக லிஃப்டுக்குள் எல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தோம். தொடங்கியபோது 7.20. சிறப்பு விருந்தினர் முன் வரிசையில் உட்கார்ந்து இரண்டு முறை காபி குடித்துவிட்டார். காரணம் வேறொன்றுமில்லை. கோலாட்டத்தில் ஆட வேண்டிய நான்கு பிள்ளைகள், அடுத்து வந்த நாடகத்திலும் இருந்தார்கள். பாவாடை தாவணியைக் கழற்றி ராஜா வேஷம் போட எவ்வளவு நேரமாகும் என்று பட்டியல் போட்டவர் யோசிக்கவில்லை. பட்டியல் போட்டவன் நான்தான். 36 வருஷம் வங்கியில் ஒரு ரூபாய் வித்தியாசம் வராமல் டேலி பார்த்தவனுக்கு இது பெரிய தலைகுனிவு.

இந்த வருஷமும் அந்த வேலையை என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். அதனால் இந்த வேலையையே தொழிலாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று கொஞ்சம் திரும்பிப் பார்த்தேன். அதில் தெரிந்ததை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் 'கால்ஷீட்' என்ற சொல். ஹாலிவுட்டில் இது ஒரு துண்டுக் காகிதம். நாளை யார் யார், எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும் என்று முதல் நாள் மாலை எல்லோர் கையிலும் கொடுப்பது. கோடம்பாக்கத்துக்கு வந்ததும் காகிதம் போய்விட்டது, நேரமே கால்ஷீட் ஆகிவிட்டது. "அவர் 20 நாள் கால்ஷீட் கொடுத்திருக்கிறார்", "இன்றைக்கு ஒன்றரை கால்ஷீட்" என்று நாமே பேசுகிறோம். தகவல் சொல்லும் தாள், விலைக்கு வாங்கும் சரக்காக மாறிவிட்டது. தமிழ் சினிமாவின் அட்டவணை வரலாறு முழுவதும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது என்பேன்.

ஆரம்பத்தில் இந்தத் தலைவலி குறைவு. 1931-இல் 'காளிதாஸ்' பம்பாயில் எடுக்கப்பட்டது. அடுத்த சில வருஷங்கள் நம் நடிகர்கள் ரயிலேறி பம்பாய், கல்கத்தா ஸ்டுடியோக்களுக்குப் போய், அங்கேயே தங்கி, படத்தை முடித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். கூட்டிப் போன எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும்போது தேதி மோத வழியில்லை. 1934-இல் சென்னையிலேயே பேசும் பட ஸ்டுடியோ வந்தது. அதே வருஷம் தியாகராஜ பாகவதர் அறிமுகமான 'பவளக்கொடி' அடையாறு பக்கம் வெயில் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டது. மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். சாப்பாட்டு இலைக்கு வரும் காக்கைகள் போடும் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்ததால், காக்கை விரட்டவே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார்கள் என்று சொல்வார்கள். அட்டவணையில் காக்கைக்கும் ஒரு பத்தி!

இந்தக் குழப்பத்தை எல்லாம் ஒரு சுற்றுச்சுவருக்குள் அடக்கியவர் சேலம் டி.ஆர். சுந்தரம். ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், புகைப்படமும் எடுத்திருப்பீர்கள். நெசவுத் தொழில் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். மில் நடத்தப் படித்தவர் சினிமாவையும் மில்லாகவே நடத்தினார். 1935-இல் கம்பெனி தொடங்கி 1937-இல் 'சதி அகல்யா'வை வெளியிட்டார். அதற்கடுத்த வருஷமே மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்'. 1956 பொங்கலுக்குத் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. 1963-இல் அவர் காலமாகும்வரை படங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன.

வணிகவியல் படித்தவன் என்ற முறையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். அங்கே நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். கதை இலாகாவுக்கும் அப்படியே. கலைஞர் கருணாநிதி, கண்ணதாசன் எல்லோரும் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். மாதச் சம்பளம் என்பது நிலையான செலவு. படப்பிடிப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் முதல் தேதி கொடுத்தாக வேண்டும். ஆகவே ஃபுளோர் ஒரு நாள் சும்மா கிடந்தால் அது நேரடி நஷ்டம். எல்லோரும் காம்பவுண்டுக்குள்ளேயே இருப்பதால் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் இல்லாத வேறு காட்சியை அன்றைக்கே எடுக்கலாம். நேரம் தவறுவது அவருக்குப் பிடிக்காது, கண்டிப்பான முதலாளி என்று பெயர். 1950-இல் 'மந்திரி குமாரி' நடந்துகொண்டிருக்கும்போது டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கா கிளம்பிவிட்டார். வேறொரு கம்பெனியாக இருந்தால் படம் பெட்டிக்குள் தூங்கியிருக்கும். சுந்தரம் தானே மீதியை இயக்கி முடித்தார். டைட்டிலில் இருவர் பெயரும் வரும்.

இதற்கு நேர் எதிர் ஜெமினி வாசனின் 'சந்திரலேகா'. 1943-இல் அறிவிப்பு, 1948 ஏப்ரலில் ரிலீஸ். கதை முடிவாகுமுன்பே தலைப்பு முடிவாகிவிட்டது. கதை இலாகா கொண்டுவந்த கதைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார். யுத்த காலம் வேறு, கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு. பாதிக்கு மேல் எடுத்த டைரக்டர் விலகினார், வாசனே இயக்க உட்கார்ந்தார். சர்க்கஸ் காட்சி வேண்டும் என்று நடுவழியில் தோன்றியது, நிஜ சர்க்கஸ் கம்பெனிகளை அமர்த்தினார்கள். 1947-இல் லட்சுமிகாந்தன் வழக்கிலிருந்து என்.எஸ். கிருஷ்ணன் விடுதலையாகி வந்தார். உடனே அவருக்கும் மதுரத்துக்கும் இடம் உண்டாக்கிக் கதையை மாற்றினார்கள். முரசு நடனத்துக்கு 400 பேர் ஆறு மாதம் ஒத்திகை பார்த்தார்கள். படச்செலவு 30 லட்சம் என்பார்கள். 1948-இன் 30 லட்சம்! சொத்தை எல்லாம் அடமானம் வைத்துத்தான் முடித்தார் என்றும் சொல்வதுண்டு. தமிழில் போட்ட பணம் வரவில்லை, இந்திப் பதிப்பு வந்துதான் கைதூக்கிவிட்டது.

எந்தத் தணிக்கை அதிகாரியும் வாசன் செய்ததை ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சேலத்தில் குறித்த நாளில் முடிந்த படங்கள் பலவற்றின் பெயர்கூட இன்று எனக்கு நினைவில்லை. முரசுகள் மேல் ஆடிய அந்த நடனத்தை என் பேத்திகூட யூடியூபில் பார்த்துவிட்டு வாய் பிளக்கிறாள். இருந்தாலும் என் ஓட்டு சுந்தரத்துக்குத்தான். மாதம் தவறாமல் சம்பளம் வாங்கிய குடும்பங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமல்லவா?

ஐம்பதுகளுக்குப் பிறகு மாதச் சம்பள நடிகர்கள் மறைந்தார்கள். நட்சத்திரங்கள் ஒரே நேரத்தில் பல கம்பெனிகளுக்கு நடித்தார்கள். அதுவரை ஸ்டுடியோ முதலாளி மேஜையில் இருந்த டைரி, நடிகரின் மேனேஜர் கைக்குப் போனது. கால்ஷீட் சரக்கானது அப்போதுதான். படத்தைத் துண்டு துண்டாக, முன்பின்னாக எடுப்பார்கள் என்பதற்குக் காதாலேயே சாட்சி வேண்டுமானால் 1967-இல் வந்த 'காவல்காரன்' பாருங்கள். அந்த ஜனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார், குரல் பாதிக்கப்பட்டது. முன்பு எடுத்த காட்சியில் ஒரு குரல், பின்பு எடுத்த காட்சியில் ஒரு குரல். கதை நேராகப் போகிறது, குரல் மட்டும் முன்னும் பின்னும் போய்வருகிறது.

இந்த வேலையை நான் கண்ணால் பார்த்தது 1986-இல். அப்போது வடபழனி பக்கம் ஒரு கிளையில் நகைக்கடன் மேஜையில் இருந்தேன். ஒரு தயாரிப்பாளர் வருவார், பெயர் வேண்டாம். சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்தை மத்திய அரசு 1998-இல்தான் கொடுத்தது. அதுவரை விண்ணப்பத்தில் சினிமா என்ற சொல்லைக் கண்டாலே வங்கியில் பேனாவை மூடிவிடுவோம். எனவே அவர்கள் ஃபைனான்சியரிடம் போவார்கள். இவர் வாங்கியது மூன்று வட்டிக்கு 4 லட்சம். மாதம் 12,000, நாளொன்றுக்கு 400. என் மாதச் சம்பளம் அப்போது 2,000-ஐ எட்டவில்லை. அவருக்கு ஐந்து நாள் தள்ளிப்போனால் என் ஒரு மாதச் சம்பளம் காலி.

டோக்கனுக்குக் காத்திருக்கும்போது அவர் பையிலிருந்து ஒரு கட்டு எடுத்து மேஜையில் பரப்புவார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நீளத் துண்டுகளாக நறுக்கி வைத்திருப்பார். ஒரு துண்டுக்கு ஒரு காட்சி. எண், இடம், பகலா இரவா, யார் யார், என்ன உடை, என்ன சாமான். முதலில் ஒரே வீட்டில் நடப்பதை எல்லாம் சேர்ப்பார். கதையில் கல்யாணத்துக்கு முன்பு வரும் கூடமும் சாவுக்குப் பின்பு வரும் கூடமும் ஒரே நாளில் முடிந்துவிடும், செட் வாடகை மிச்சம். பிறகு நடிகர்களின் தேதியைப் பார்த்து மறுபடி கலைப்பார். தனித்தனியாக வரும் காட்சிகள் சுலபம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வரும் 'காம்பினேஷன்' காட்சிகள்தான் கழுத்தைப் பிடிக்கும்.

அவருக்கு அப்படி ஐந்து காட்சிகள் மிச்சம். நாயகன், நாயகி, அப்பாவாக நடிப்பவர் மூவரும் வேண்டும், எல்லாம் அவுட்டோர். தேதியைப் பார்த்தேன். நவம்பர்.

"மெட்ராஸ்ல நவம்பர்ல அவுட்டோரா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"மூணு பேருக்கும் சேர்ந்தாப்பல அந்த மூணு நாள்தான் சார் இருக்கு. மழைக்கு நான் எங்க போய் கால்ஷீட் கேக்கறது?" என்றார்.

முதல் நாள் வெயில். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் கொட்டித் தீர்த்தது. மூவரின் தேதியும் மறுபடி ஒன்றாக அமைந்தது மார்ச்சில். நான்கு மாத வட்டி 48,000. முதலில் சங்கிலி வந்தது, அப்புறம் வளையல், கடைசியாக அவர் மனைவியின் ஒட்டியாணம். காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதச் சொன்னார், எழுதினேன். மார்ச்சில் நாயகி வேறு படத்துக்கு வெளியூர் போயிருந்தார். படம் வெளிவரவே இல்லை. தவணை கடந்ததும் ஏல நோட்டீஸ் தயாரித்தது என் மேஜை. ஏலத்துக்கு முதல் நாள் அந்த அம்மாள் தனியாக வந்து, சங்கிலியையும் வளையலையும் மட்டும் மீட்டுக்கொண்டு போனார். ஒட்டியாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்கு இதில் இடமில்லை. அந்தத் துண்டுகளை அவர் அடுக்கிய விதத்தில் நான் ஒரு தவறும் கண்டதில்லை.

நூலக அறையில் அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' நாவல் இருக்கிறது. ஜெமினியில் வேலை பார்த்தவர் எழுதியது. படம் எடுக்கும் கம்பெனிகளில் இப்படி ஓடி அலைபவர்களின் பாடு எல்லாம் அதில் இருக்கிறது. எடுத்துப் படிப்பவர்கள் திருப்பி வைக்கவும்.

இதே கோடம்பாக்கம் 1999-இல் வேறொன்றும் செய்து காட்டியது. 'சுயம்வரம்' படம் ஏப்ரல் 5, 6 தேதிகளில் 23 மணி 58 நிமிடத்தில் எடுக்கப்பட்டு கின்னஸில் இடம்பிடித்தது. 14 இயக்குநர்கள், 19 ஒளிப்பதிவாளர்கள். பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்து பார்க்க ஆசைப்படும் அப்பாவின் கதை. கதை அமைப்பிலேயே சூட்சுமம் இருக்கிறது. ஜோடிக்கு ஜோடி தனிக் காட்சிகள் என்பதால் ஒரு யூனிட் இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். காம்பினேஷனைக் குறைத்தால் பாதி வேலை முடிந்தது. படம் எப்படி என்று கேட்காதீர்கள், நான் அட்டவணையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இப்போது நம் விழாவுக்கு வருவோம். என் வீட்டிலும் பழைய கல்யாணப் பத்திரிகைகள் நிறைய இருந்தன. நறுக்கிவிட்டேன். நிகழ்ச்சிக்கு ஒரு துண்டு என்று எழுதி வைக்கப் போகிறேன். பெயர் கொடுக்கும்போது உங்கள் பிள்ளை வேறு எந்த நிகழ்ச்சியில் இருக்கிறான், உடை மாற்ற வேண்டுமா, எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். கடைசி நேரத்தில் சேர்க்கப்படும் கரோக்கி பாடல்களுக்கும் துண்டு வேண்டும். டிசம்பர் 20-க்குள் அலுவலகத்தில் உள்ள பெட்டியில் போட்டுவிடுங்கள். ராஜா வேஷத்துக்கு நானே 15 நிமிடம் என்று எழுதி வைத்திருக்கிறேன். மீசை ஒட்டுவதென்றால் 20.