ஓடும் கப்பலை ஒக்கிடுதல்: திருகோணமலையிலிருந்து கெர்னல் வரை

திருகோணமலைத் துறைமுகத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு நாள்களோடு அமைதி கொள்வர். ஒன்று, 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு வீசிய நாள். மற்றையது, 1957இல் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்த நாள். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது நாள் ஒன்று உண்டு. அதைப் பேசுவோர் குறைவு. 1944ஆம் ஆண்டு ஓகஸ்ட் 8ஆம் திகதி. அன்று பகைவர் எவரும் வரவில்லை. ஒரு குண்டும் விழவில்லை. ஆயினும் உலகப் போரின் பெரிய கப்பல்களுள் ஒன்று அன்று இந்தத் துறைமுகத்தில் முடங்கிப்போயிற்று. முடக்கியது பகைவனன்று, பழுதுபார்ப்பதற்கென்று கட்டிய பொறி.

அப்பொறியின் பெயர் 23ஆம் இலக்க மிதக்கும் உலர்துறை. மிதக்கும் உலர்துறை இயங்கும் விதம் எளிது. உட்குடைவான பெருந்தாங்கிகளில் கடல்நீரை நிரப்பினால் அது தாழும். கப்பல் உள்ளே மிதந்து வரும். பின்னர் நீரை இறைத்து வெளியேற்றினால் உலர்துறை மேலெழும்; கப்பலும் அதன் மடியில் ஏறிக்கொண்டு நீருக்கு மேலே வரும். அடிப்பகுதியைச் சுரண்டலாம், பூசலாம், பார்க்கலாம்.

அன்று அதில் ஏற்றப்பட்டது ‘வலியன்ட்’ என்னும் போர்க்கப்பல். முதலாம் உலகப் போர்க்காலத்துக் கப்பல் அது. இரு வாரங்களுக்கு முன்னர்தான் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிவிட்டு வந்திருந்தது. வெடிமருந்துகளை இறக்காமலே அதனை உலர்துறையில் ஏற்றினர். தாங்கிகளிலிருந்து நீரை இறைத்த ஒழுங்கு, கப்பலின் பாரம் எங்கெங்கு எவ்வளவு இருந்தது என்பதற்கு இசைவாக அமையவில்லை. உலர்துறை முதுகு முறிந்து மூழ்கியது.

கப்பல் மூழ்கவில்லை. அதன் கொதிகலன்கள் அணைக்கப்படாதிருந்தமையே காரணம். நீராவி இருந்தபடியால் அது இன்னும் பெரிய சேதத்திலிருந்து தப்பியது. ஆயினும் உட்புற உந்துவிசிறிகள் இரண்டும் சுக்கானும் சிதைந்தன. அண்மையில் அதனை ஏற்றத்தக்க வேறு உலர்துறை இருக்கவில்லை. அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுசெல்ல முயன்று, சுயஸில் தரைதட்டி, விசிறித் தண்டுகளை அறுத்துவிட்டு, ஆபிரிக்காவைச் சுற்றிக்கொண்டு அது தாயகம் திரும்பியது. உலர்துறைக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரி இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்.

இக்கதையை நான் ஒருமுறை என் தங்கை மகனுக்குச் சொன்னேன். அவன் புலம்பெயர் நாடொன்றில் கணினித்துறையில் வேலை செய்பவன். கேட்டு முடித்ததும் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “மாமா, எங்கட வேலையும் இதுதான். ஆனா ஒண்டு, கப்பலை நிப்பாட்டவும் ஏலாது, மேல தூக்கவும் ஏலாது. ஓடிக்கொண்டிருக்கேக்கையே அடித்தட்டை மாத்த வேணும்” என்றான்.

அவன் சொன்னதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. விளங்கியதை, என்னைப் போன்று ஈயத்து அச்செழுத்துக் காலத்திலிருந்து வந்தவர்களுக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

எம் காலத்தில் அச்சியந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் அதில் கைவைக்க முடியாது. பக்கத்தில் பிழை இருந்தால் நிறுத்த வேண்டும், தகட்டை மாற்ற வேண்டும், மீண்டும் ஓட்ட வேண்டும். இறுதிநேரச் செய்திக்கென்று ஒரு சிறு கட்டத்தை வெறுமையாக விட்டுவைப்பதும் உண்டு. கணினிக்காரரும் நெடுங்காலம் அவ்வாறே செய்தனர். அவர்கள் இன்றும் வழங்கும் ‘பேட்ச்’, அதாவது ஒட்டு, என்னும் சொல்லே துளையிட்ட காகித நாடாக்களின் காலத்தது. நாடாவில் தவறான துளை விழுந்திருந்தால் அதன்மேல் சிறு காகிதத் துண்டை ஒட்டி, சரியான துளையை மறுபடி இடுவர். எம் மீனவர் தோணியின் இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்றுவது போன்ற வேலை. தோணி கரையில் கிடக்கும். நாடா மேசையில் கிடக்கும். இரண்டும் ஓய்ந்திருக்கையில் ஒட்டுப்போடுவதில் இடரில்லை.

கெர்னல் என்பது ஓயாதது. கணினியின் நினைவகம், வட்டு, வலைப்பின்னல், இயங்கும் நிரல்கள் ஆகிய யாவற்றையும் ஆளுகின்ற உட்கரு அது. வங்கியிலும் மருத்துவமனையிலும் தொலைபேசி நிலையத்திலும் இராப்பகலாக அது ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அடைக்க வேண்டும். அடைப்பதற்கு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அதனை நம்பியிருப்போர் பாடு என்ன? ஆகவே நிர்வாகிகள் நாள் தள்ளுவர். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த ஜெஃப் ஆர்னோல்ட் அவ்வாறுதான் தள்ளினார். பயனருக்கு இடைஞ்சல் வேண்டாமென்று வார இறுதிவரை பொறுத்தார். அதற்குள் கணினிக்குள் ஒருவன் புகுந்துவிட்டான். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே ‘கேஸ்ப்ளைஸ்’. ஓடும் கெர்னலிலேயே பழைய செயற்கூற்றின் தலைவாயிலில் ஒரு தாவல் கட்டளையை எழுதிப் புதிய செயற்கூற்றுக்குத் திருப்பிவிடும் முறை அது. 2005 மே முதல் 2008 மே வரை வெளிவந்த 64 முக்கிய பாதுகாப்புத் திருத்தங்களுள் 56ஐப் புதிதாக ஒரு வரியும் எழுதாமலே இம்முறையால் இடலாம் என்று அவரும் அவருடைய பேராசிரியர் ஃபிரான்ஸ் காசூக்கும் 2009இல் காட்டினர். 2011இல் ஒராக்கிள் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. வேறு வழிகளில் உழைத்த ரெட் ஹெட், சூசே நிறுவனத்தாரின் முயற்சிகள் ஒன்றிணைந்து 2015இல் லினக்ஸ் 4.0 பதிப்பிலேயே இவ்வசதியின் அடித்தளம் இடம்பெற்றது.

இவ்விடத்தில் நம் அயலவரின் பங்கையும் சொல்ல வேண்டும். ஓடும் கெர்னலின் கட்டளையொன்றை மாற்றி எழுதும் வித்தை லினக்ஸில் அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தது. ‘கேபுரோப்ஸ்’ என்பது அதன் பெயர். ஐபிஎம் நிறுவனத்தின் இந்தியப் பொறியியலாளரான வம்சி கிருஷ்ணா 2002இல் முதல் வடிவத்தை எழுதினார். சுபர்ணா பட்டாச்சார்யா, பிரசன்னா பஞ்சமுகி முதலியோர் வளர்த்தெடுத்தனர். 2004 ஒக்டோபரில் வெளிவந்த 2.6.9 பதிப்பில் அது சேர்ந்தது. அதன் நோக்கம் பழுதறிதல். சந்தேகத்துக்குரிய இடத்தில் இருக்கும் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவ்விடத்தில் ஒரு பைட் நீளமுள்ள பொறியொன்றை வைப்பர். ஓட்டம் அங்கு வந்ததும் பொறி கவ்வும். ஆய்வுநிரல் வேண்டியதைக் குறித்துக்கொள்ளும். பின்னர் மூலக் கட்டளை நிறைவேறி ஓட்டம் தொடரும். இயங்கும் இதயத்தில் நாடி பார்ப்பது போன்றது.

இத்தனை நுட்பம் கைவந்த பின்னரும் இவர்களுக்கும் ஒரு ஓகஸ்ட் 8 வந்தது. அது 2008.

அவ்வாண்டு லினக்ஸ் 2.6.27 பதிப்பின் சோதனை வடிவங்களை ஓட்டியோருள் சிலரது கணினிகளில் இன்டெல் நிறுவனத்தின் வலைப்பின்னல் அட்டைகள் செயலிழந்தன. மென்பொருட் பிழையென்றால் கணினியை நிறுத்தி மறுபடி தொடங்கினால் தீர வேண்டும். இது தீரவில்லை. அட்டைக்குள் நிலையாக எழுதப்பட்டிருந்த தகவலே அழிந்துபோயிருந்தது. வாரக்கணக்கில் பலரும் அட்டையின் இயக்கிநிரலைத் துருவினர். குற்றவாளி அங்கு இருக்கவில்லை. கெர்னலின் ஓட்டத்தைத் தடம்பற்றும் ‘எஃப்டிரேஸ்’ என்னும் கருவியிலே இருந்தது.

நடந்தது இதுதான். அக்கருவி, மாற்ற வேண்டிய கட்டளைகளின் முகவரிகளை முதலில் பட்டியலிட்டுக்கொள்ளும். சற்றுப் பொறுத்து ஒவ்வொன்றாகச் சென்று மாற்றும். பட்டியலிட்டதற்கும் மாற்றியதற்கும் இடைப்பட்ட அவகாசத்தில் சில முகவரிகளில் இருந்த நிரல் வேலை முடிந்து அகற்றப்பட்டுவிட்டது. வெறுமையான முகவரி வலைப்பின்னல் அட்டையின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டது. குடியிருந்தவர் வெளியேறி வேறொருவர் குடிவந்த வீடு. திருத்த வந்தவர் அதை அறியவில்லை. ‘எதிர்பார்த்தது அங்கு இருந்தால் மட்டும் எழுது’ என்ற காப்பு விதி இருந்தது. ஆனால் அதற்குப் பயன்படுத்திய செயலிக் கட்டளை, ஒப்பீடு தவறினாலும் ஏதோவொன்றைத் திரும்ப எழுதும் இயல்புடையது. சாதாரண நினைவகத்தில் அதனால் தீங்கில்லை. சாதனத்தின் நினைவகத்தில் அதுவே நஞ்சாயிற்று. 2008 ஒக்டோபரில் பதிப்பு வெளிவந்து சில நாள்களில் அவ்வசதி முடக்கப்பட்டது. அதனை எழுதிய ஸ்டீவன் ராஸ்டெட் தம் கருவியின் பிழையை மறைக்காமல் விளக்கினார். முறை திருத்தி அமைக்கப்பட்டது.

இரண்டு விபத்துகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திருகோணமலையில் நீரை இறைத்தது தவறன்று. எந்தத் தாங்கியை முதலில் இறைப்பது என்பதிலே தவறு. எஃப்டிரேஸில் எழுதியது தவறன்று. எழுதுகின்ற கணத்தில் அங்கு யார் இருக்கிறார் என்று பாராமை தவறு. வரிசையும் சரிபார்ப்பும் பிசகியதால் நேர்ந்தவை இரண்டும்.

வரிசைச் சிக்கலைத் தீர்த்த விதம் அழகானது. இன்றைய கணினியில் பல செயலிக்கருக்கள் ஒரே கெர்னலை ஒருங்கே ஓட்டுகின்றன. ஐந்து பைட் நீளமுள்ள கட்டளையை ஒன்று மாற்றிக்கொண்டிருக்கையில் இன்னொன்று அதே இடத்துக்கு வந்து, பழையதில் பாதியையும் புதியதில் பாதியையும் படித்துவிடக்கூடும். எனவே முதற் பைட்டில் மேற்சொன்ன பொறியை வைப்பர். வருவோர் எவரும் அதில் நின்று, கையாளும் நிரலால் பாதுகாப்பாக வழிநடத்தப்படுவர். அனைத்துக் கருக்களும் அதை அறிந்துகொண்டன என்று உறுதிசெய்த பின்னர் எஞ்சிய நான்கு பைட்டுகளை எழுதுவர். மீண்டும் உறுதிசெய்வர். இறுதியாக முதற் பைட்டை எழுதிப் பொறியை நீக்குவர். 2013 முதல் லினக்ஸில் வழங்கிவரும் ஒழுங்கு இது.

எஞ்சியது வாசலின் சிக்கல். கெர்னலின் நிரல் இருக்கும் நினைவகப் பக்கங்களில் எவரும் எழுத முடியாதபடி பூட்டிவைப்பது இன்று மரபு. பூட்டாவிட்டால் உள்ளே புகுந்த திருடன் கெர்னலையே திருத்திவிடுவான். ஆனால் நியாயமான திருத்தம் செய்ய வருபவன் எவ்வாறு எழுதுவது? பூட்டைக் கழற்றினால் அக்கணத்தில் திருடனுக்கும் வாசல் திறந்துவிடும்.

நினைவகத்தில் ஒரே இடத்துக்குப் பல முகவரிகள் இருக்கலாம். எந்த முகவரி எந்த இடத்துக்கு இட்டுச்செல்லும் என்பதைப் பக்க அட்டவணை என்னும் வரைபடம் சொல்லும். ஆகவே முன்வாசலைப் பூட்டியபடியே விட்டு, அதே அறைக்குத் தற்காலிகமாக ஒரு பின்வாசலை வரைபடத்தில் வரைந்து, எழுதிவிட்டு, அழித்துவிடலாம். மொன்றியலில் ஆய்வு மாணவராயிருந்த மத்தியூ டெநுவாயே, ஜப்பானியரான மசாமி ஹிரமட்சு ஆகியோர் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இவ்வழியை அமைத்தனர். குறை ஒன்று இருந்தது. அந்தப் பின்வாசல் எல்லாக் கருக்களுக்கும் பொதுவான வரைபடத்தில் திறந்தது. ஒரு கரு எழுதும் நொடியில், இன்னொரு கருவில் பதுங்கியிருக்கும் திருடனும் அதே வாசலால் எழுதலாம். வாசலின் முகவரியும் அவன் முன்கூட்டி ஊகிக்கக்கூடியது.

2019 ஜூலையில் வெளிவந்த லினக்ஸ் 5.2 இதற்கு விடை தந்தது. அன்டி லுட்டோமிர்ஸ்கியின் யோசனையை விஎம்வேர் நிறுவனத்தின் நடவ் அமித்தும் இன்டெல் நிறுவனத்தின் ரிக் எட்ஜ்கோம்பும் செயல்வடிவாக்கினர். திருத்தத்துக்கென்றே தனியான வரைபடமொன்றைக் கணினி தொடங்கும்போதே உருவாக்கி வைப்பர். அதிலே பின்வாசல் எங்கே திறக்கும் என்பது குறிப்பிலா முறையில் தெரிவுசெய்யப்படும். திருத்தம் செய்யும் கரு, குறுக்கீடுகளை நிறுத்திவைத்து, தன் வரைபடத்தை மட்டும் இதற்கு மாற்றிக்கொள்ளும், எழுதும், வாசலை அழிக்கும், பழைய வரைபடத்துக்குத் திரும்பும், தன் நினைவில் தங்கிய வாசற்குறிப்பையும் துடைக்கும். மற்றைய கருக்களின் வரைபடத்தில் அவ்வாசல் ஒருபோதும் இருந்ததில்லை. முடிவில் முன்வாசலால் பார்த்து, எழுத நினைத்ததே எழுதப்பட்டுள்ளதா என்று ஒப்பிடும். இல்லையெனில் தொடராது நிற்கும். ஐபிஎம் உருவாக்கிய பவர் வகைச் செயலிகளுக்கும் இம்முறை 2023இல் வெளிவந்த 6.2 பதிப்பில் வந்தது.

தங்கை மகனிடம் இவற்றை நான் ஒப்புவித்தபோது அவன் சிரித்தான். “சரி மாமா, இப்ப சொல்லுங்கோ, அண்டைக்குக் கப்பலில இருந்த குண்டுகளை ஏன் முதலில இறக்கேல்லை?” என்றான். என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. போர்க்காலத்து அவசரம் என்று சொல்லலாம். அவசரத்தில் செய்யும் திருத்தத்துக்குத்தான் ஒழுங்கு கூடுதலாக வேண்டும் என்பதை அந்த உலர்துறை தன் முதுகைக் கொடுத்து எழுதிவைத்தது. அன்று ‘வலியன்ட்’ தப்பியது நீராவி அணையாதிருந்ததால். ஓடிக்கொண்டிருத்தலே சில வேளைகளில் காப்பு. ஆனால் ஓடுவதைத் தொடுபவனுக்கு மூன்று கேள்விகள் உண்டு: எதை முதலில்? அங்கே இப்போது யார்? வாசலைச் சாத்தினேனா?

பத்திரிகை மேசையில் இருந்த நாள்களில் இம்மூன்றையும் ஒவ்வோர் இரவும் கேட்டிருந்தால், மறுநாட் காலையில் நான் வெளியிட்ட திருத்தங்கள் சில குறைந்திருக்கும்.