பிஜித் தீவில் இனமும் வர்க்கமும்

தென்பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவுகளுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற் கப்பலான 'லியோனிடாஸ்' 1879 மே 14-ஆம் நாள் வந்தடைந்தது. 1916 வரை வந்தோர் ஏறத்தாழ 60,000 பேர். அவருள் காற்பங்கினர் 1903 முதல் சென்னையில் கப்பலேறியவர்கள். நாண்டி நகரின் முருகன் ஆலயம் அவர்தம் வழிவந்தோர் எழுப்பியதாகும்.

பிரித்தானிய ஆட்சி பிஜியரைக் கிராமங்களில் குலத்தலைவர்களின் கீழும், இந்தியரைக் கரும்புத் தோட்டங்களிலும் நிறுத்தியது. நிலத்தின் பெரும்பகுதி பிஜியருடையது, ஆலைகள் ஆஸ்திரேலியக் கம்பெனியுடையவை, உழைப்பு இந்தியருடையது. எனினும் ஒவ்வோர் இனத்துக்குள்ளும் மேலோரும் கீழோரும் இருந்தனர். குத்தகைப் பணத்தில் தலைவர்களுக்குத் தனிப்பங்கு போக எஞ்சியதே சாதாரண பிஜியருக்குக் கிட்டியது. இந்தியருள் நகரத்து வணிகர் செழித்திருக்க, கரும்பு விவசாயிகள் பலர் கடனில் உழன்றனர்.

இவ்வுண்மையைத் தொழிலாளர் ஒருமுறை கண்டுகொண்டனர். 1959 டிசம்பரில் எண்ணெய்க் கம்பெனித் தொழிலாளர், பிஜியரும் இந்தியருமாகச் சேர்ந்து, கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். ஜேம்ஸ் அந்தோனியும் அபிசாய் டோராவும் அதனை நடத்தினர். சுவாவில் கலவரம் மூண்டது. உடனே பிஜியத் தலைவர்கள் தம் மக்களைக் கூட்டி, இப்போராட்டத்திலிருந்து விலகுமாறு அறிவுறுத்தினர். கூலிப் பிரச்சினை இனப் பிரச்சினையாக மாறிற்று.

1970-இல் சுதந்திரம் வந்த பின்னும் வாக்காளர் பட்டியல்கள் இனவாரியாகவே இருந்தன. 1984-இல் அரசு சம்பள உயர்வை நிறுத்திவைக்க, மறு ஆண்டில் தொழிற்சங்கங்கள் தொழிற்கட்சியைத் தொடங்கின. அதன் தலைவர், பிஜியரான டாக்டர் திமோசி பவாத்ரா, இந்தியரின் ஆதரவு பெற்ற கட்சியோடு கூட்டுச் சேர்ந்து 1987 ஏப்ரலில் வென்றார். ஒரு மாதத்தில், மே 14 அன்று, ராணுவ அதிகாரி சிதிவேனி ரபுகா அவ்வரசைக் கவிழ்த்தார். பிஜியரின் நிலத்துக்கு ஆபத்து என்பதே கூறப்பட்ட காரணம். லியோனிடாஸ் வந்து அன்றோடு 108 ஆண்டுகள் நிறைந்திருந்தன.

அதன்பின் இந்தியர் பெருந்தொகையாக வெளியேறினர். 1986-இல் மக்கள்தொகையில் ஏறக்குறைய 49 விழுக்காடாயிருந்தோர் 2007-இல் 37 விழுக்காடாயினர். புலம்பெயர வசதியற்ற ஏழை விவசாயிகளும், குறைந்த கூலி பெறும் பிஜியத் தொழிலாளரும் ஊரிலேயே எஞ்சினர்.

2023 மே மாதத்தில், பிரதமராயிருந்த ரபுகா, 1987-இல் செய்ததற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நல்லதே. ஆனால் ஒரே கூலிக்குப் போராடிய இரு கைகளை இனத்தின் பெயரால் பிரித்ததன் விலையை இரு இனத்து ஏழைகளுமே கொடுத்தனர் என்பதை அன்பர்கள் சிந்திக்க வேண்டும்.