கம்பி மௌனமானால்

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொதிகலனின் வெப்பம், குழாயின் அழுத்தம், தொட்டியின் மட்டம் எல்லாம் நொடிக்கு ஒருமுறை கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு வந்து சேர்கின்றன. திரையில் 82 என்ற எண் நிற்கிறது. அது இந்த நொடியின் அளவா, கம்பி அறுவதற்கு முன் கடைசியாக வந்த அளவா? திரை இதைச் சொல்லாவிட்டால், அதில் தெரியும் மற்ற எண்கள் எதையும் நம்பி முடிவெடுக்க முடியாது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஓயாமல் சோதிப்பது கணினியும் இணையமும் கொண்டுவந்த வேலை என்ற எண்ணம் பொறியாளர்களிடையே பரவலாக உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரயில் வரலாற்றைப் புரட்டினால் அந்த எண்ணம் நிற்காது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரயில்வே இந்தக் கேள்விக்கு உறுதியான விடை கண்டிருந்தது: கம்பி மௌனமானால் ஆபத்து என்றே கொள். பின்னால் வந்த அளவைக் கருவிகள் வசதி கருதி அந்த விதியைத் தளர்த்தின. அதன் விலை சிறியதாக இல்லை.

மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டார்கள். 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் வந்தது. 1890இல் கன்னாட் பாலம் கிள்ளான் ஆற்றைக் கடந்து பாதையைக் கிள்ளான் நகரத்துக்குக் கொண்டுபோனது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டு ஈயமும் பின்னர் ரப்பரும் கடலை எட்டின. அதே 1901இல் கூட்டு மலாய் மாநில ரயில்வே உருவானது. அதன் முதல் பொது மேலாளர் சார்லஸ் எட்வின் ஸ்பூனர் இலங்கைப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துவிட்டு சிலாங்கூருக்கு வந்தவர். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் கிராணிகளாகவும் தந்தி அனுப்புவோராகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் திரளாக வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறியதும், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தண்டவாளக் கேங்குகளிலும் செந்தூல் பட்டறையிலும் உழைத்ததும் இந்தப் பகுதியின் சமூக வரலாற்றில் நன்றாகப் பதிந்திருக்கிறது. அவர்கள் கட்டிய கோயில்களையும் பள்ளிகளையும் சங்கங்களையும் நாம் நினைவுகூர்கிறோம். வேலை நேரத்தில் அவர்கள் கையாண்ட தொழில்நுட்பத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் எண்ணம்; ஏனென்றால் அந்தத் தொழில்நுட்பத்தின் சாரமே இணைப்பின் நலம்தான்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு ரயில்கள் வரக்கூடாது என்பது ரயில்வேயின் முதல் கவலை. தொடக்கத்தில் தந்திச் செய்தியை நம்பி ரயிலை விட்டார்கள். 1874 செப்டம்பர் 10ஆம் தேதி இங்கிலாந்தில் நாரிச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடத்தில், அனுப்பக்கூடாத ஒரு தந்தி போய்விட்டதால் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எட்வர்ட் டயர் 1878இல் ஒரு கருவியை அமைத்தார். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் ஒவ்வொரு பெட்டி, இடையே ஒரு கம்பி. ஒரு பெட்டியிலிருந்து, பாதையில் நுழைய அனுமதியாகும் டோக்கனை எடுக்க வேண்டுமானால் மறுமுனையில் இருப்பவர் ஒப்புக்கொண்டு மின்னோட்டம் அனுப்ப வேண்டும். ஒரு டோக்கன் வெளியே போய்விட்டால், அது இரண்டு பெட்டிகளில் ஏதேனும் ஒன்றுக்குள் திரும்பி விழும்வரை இன்னொன்று வெளியே வராது. ஓட்டுநரின் கையில் டோக்கன் இல்லையென்றால் ரயில் நகராது. மலாயாவின் ஒற்றைப் பாதைகளில் டோக்கன் முறை நெடுங்காலம் நீடித்தது; கிழக்குக் கரைப் பாதையில் 21ஆம் நூற்றாண்டிலும் அது கைமாறிக்கொண்டிருந்தது.

இந்த அமைப்பில் என்னை ஈர்ப்பது கம்பி அறும்போது நடப்பது. மரம் விழுந்து கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், எதிர்முனைக்காரர் தூங்கிப்போனாலும் விளைவு ஒன்றே: பெட்டி திறக்காது, ரயில் நிற்கும். பழுதை அறிய யாரும் தனியாக எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறுந்த கம்பியும் ‘வராதே’ என்ற கட்டளையும் ஒன்றாகவே பொருள்பட்டன. மணிக் குறியீடுகளிலும் இதே கவனம் இருந்தது. ஒரு மணி அடித்துக் கூப்பிட்டால் எதிர்முனை அதையே திருப்பி அடிக்க வேண்டும். அடிக்காதவரை செய்தி போய்ச் சேரவில்லை. கருவியும் மணியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க மட்டுமே பிரிட்டிஷ் விதிப் புத்தகங்களில் 16 அடி கொண்ட தனிக் குறியீடு ஒதுக்கப்பட்டிருந்தது. இன்றைய ஆலை வலையமைப்பில் ஒரு கருவி மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலுக்குக் காத்திருப்பதும், பதில் வராவிட்டால் பழுது என்று பதிவதும் இதே வழக்கத்தின் தொடர்ச்சி.

கம்பியின் நலத்தைத் தனியாக அளக்கும் பழக்கம் கடலடித் தந்தியில்தான் கூர்மை பெற்றது. அதில் மலாய் நாட்டுக்கும் பங்குண்டு. கம்பிக்குள் உப்புநீர் புகாமல் காத்த கட்டாப்பெர்ச்சா இந்தத் தீபகற்பத்துக் காடுகளின் மரப்பால். மரத்தையே வெட்டிச் சாய்த்து எடுத்ததால் அந்த மரம் அரிதாகிப்போனது. 1858இல் அட்லாண்டிக் கடலில் போட்ட முதல் கம்பி சுமார் மூன்று வாரத்தில் செத்தது. அதன் பிறகு, கப்பலிலிருந்து கம்பி கடலுக்குள் இறங்கும்போதே அதன் காப்பு கெடாமல் இருக்கிறதா என்று இடைவிடாமல் அளந்தார்கள். அந்தச் சோதனைக்காக மிக அதிக மின்தடை கொண்ட ஒரு பொருளைத் தேடிய வில்லோபி ஸ்மித், செலீனியத்தின் தடை வெளிச்சம் பட்டதும் குறைவதைக் கண்டு 1873இல் அறிவித்தார். ஒளியை மின்சாரமாக உணரும் கருவிகளின் வரலாறு ஒரு கம்பியின் உடல்நிலையைப் பரிசோதிக்கப் போன இடத்தில் தொடங்கியது என்பது இந்தத் துறையில் இருப்பவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளத் தக்கது.

தரைத் தந்தியில் இரண்டு கொள்கைகள் இருந்தன. அமெரிக்கர்கள் செய்தி இல்லாத நேரத்திலும் கம்பியில் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்படி வைத்தார்கள். கம்பி அறுந்த கணமே எல்லா நிலையங்களுக்கும் தெரிந்துவிடும். பிரிட்டிஷார் செய்தி அனுப்பும்போது மட்டும் மின்னோட்டம் விட்டார்கள்; மின்கலம் மிச்சமாகும், ஆனால் இரவு அறுந்த கம்பி காலையில் யாராவது செய்தி அனுப்பப் பார்க்கும்வரை அறியப்படாமல் கிடக்கலாம். ரயில்வே எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை 1872இல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தண்டவாள மின்சுற்று காட்டுகிறது. தண்டவாளத்திலேயே எந்நேரமும் மின்னோட்டம் ஓடும். ரயிலின் சக்கரம் அதை மறித்தாலும், தண்டவாளம் உடைந்து அது நின்றுபோனாலும் சிக்னல் சிவப்பாகும். செலவு அதிகம்தான். உயிர்கள் பயணம் செய்யும் இடத்தில் அந்தச் செலவைத் தவிர்க்க முடியாது என்று ரயில்வே முடிவு கட்டியது.

இந்த ஒப்பீட்டை மறுப்பவர்கள் இரண்டு காரணம் சொல்லக்கூடும். முதலாவது, ரயில்வேயின் கண்டிப்பு காலனி ஆட்சியின் கண்டிப்பு. கீழே இருந்தவர்கள்மேல் அபராதமும் வேலைநீக்கமுமாக இறங்கிய ஒழுங்கை இன்று முன்மாதிரியாக்கக் கூடாது என்பது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. தோட்டத்திலும் தண்டவாளத்திலும் தமிழர்கள் பட்ட பாட்டை மறைத்து எழுதும் தொழில்நுட்ப வரலாறு பொய்யானது. ஆனால் டோக்கன் பெட்டியின் நேர்மை மேலதிகாரியின் மிரட்டலிலிருந்து வந்ததல்ல. களைத்துப்போன ஸ்டேஷன் மாஸ்டர் தவறு செய்வார் என்று எதிர்பார்த்து, அந்தத் தவறு கொலையாக மாறாதபடி தடுத்தது அது. தொழிலாளியைக் காக்கும் கருவி அது. இரண்டாவது மறுப்பு இன்னும் நேரானது: ரயிலை நிறுத்தலாம், ஆலையை நிறுத்த முடியுமா? ஒவ்வொரு தடவை வலையமைப்பு விக்கும்போதும் உற்பத்தியை நிறுத்தினால் யாருக்குக் கட்டுப்படியாகும்? உண்மைதான், ஆலை நிற்க வேண்டியதில்லை. ஆனால் திரை பொய் சொல்லக் கூடாது. பழைய எண்ணைப் புதிய எண்ணாகக் காட்டுவதற்கு எந்தப் பொருளாதார நியாயமும் கிடையாது.

அந்தப் பொய் எப்படி வந்து புகுந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் முறையில் மையக் கருவி கேட்கும், களக்கருவி பதில் சொல்லும். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதை மையத்தில் நிரல் எழுதுபவர்தான் முடிவுசெய்ய வேண்டும். பழைய எண்ணையே திரையில் விட்டுவைப்பது அவருக்கு எளிது. இணையத்தின் அடிப்படையான டிசிபி இணைப்பில் நிலைமை இதைவிட விசித்திரம். மறுமுனை திடீரென இறந்துபோனால், எதையும் அனுப்ப முயலாதவரை இந்தமுனை இணைப்பு இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கும் வசதி அதில் உண்டு. ஆனால் 1989இல் வகுத்த விதிப்படி, தானாக அமையும் இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. 2003 ஆகஸ்ட் 14ஆம் தேதி அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் பிற்பகல் 2.14க்கு எச்சரிக்கை மென்பொருள் சத்தமின்றிச் செயலிழந்தது. எச்சரிக்கை வராததால் எல்லாம் நலம் என்று ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அங்கிருந்தவர்கள் நம்பினார்கள். அன்று மாலை சுமார் 5 கோடிப் பேர் மின்சாரமின்றித் தவித்தார்கள். அந்த இருட்டுக்குக் காரணங்கள் பல. ஆனால் மௌனத்தை அமைதி என்று வாசித்தது அவற்றுள் முக்கியமானது.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இது தொலைதேசக் கதையல்ல. இந்தப் பள்ளத்தாக்கின் முக்கியமான அளவைப் பணிகளுள் ஒன்று ஆறுகளை அளப்பது. 1971 ஜனவரி வெள்ளம் கோலாலம்பூரை மூழ்கடித்த பிறகு, மழையையும் நீர்மட்டத்தையும் தொலைவிலிருந்தே அறியும் நிலையங்களை வடிகால் நீர்ப்பாசன இலாகா படிப்படியாக நிறுவியது. வெள்ளநீரைத் திருப்ப 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம் 9.7 கிலோமீட்டர் நீளம். அதன் நடுவே சுமார் 3 கிலோமீட்டருக்கு வாகனச் சாலையும் ஓடுகிறது. கிள்ளான் ஆறும் அம்பாங் ஆறும் கூடும் இடத்தில் நொடிக்கு 150 கன மீட்டரைத் தாண்டி நீர் வந்தால் சாலையை மூடி, வாகனங்களை வெளியேற்றி, வெள்ளத்தை உள்ளே விட வேண்டும். அந்த அளவு திரையில் 120இல் நின்று, இணைப்புச் செத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே இரண்டு மணி நேரக் காத்திருப்புக்கு இடமே கிடையாது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரையில் மக்கள் உதவிக்குக் காத்திருந்தபோது, எச்சரிக்கை தங்களை வந்து சேரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. அளவைக் கருவியிலிருந்து குடியிருப்பவரின் கைப்பேசி வரை நீளும் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் ஓர் இணைப்பு. கடைசிக் கண்ணியையும் சோதித்தாக வேண்டும்.

இழந்த விதியை மீட்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1990களில் வந்த ஓபிசி முறை ஒவ்வொரு எண்ணோடும் அதன் தரத்தையும் நேரத்தையும் சேர்த்தே அனுப்பியது: நம்பத்தக்கது, ஐயத்துக்குரியது, கெட்டது. 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கவனிக்க ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் உருவாக்கிய எம்கியூடிடி முறையில், களக்கருவி இணைப்பில் சேரும்போதே தன் மரணச் செய்தியை நடுவரிடம் கொடுத்துவைக்கிறது. குறித்த இடைவெளியில் அதன் குரல் கேட்காவிட்டால் நடுவர் அந்தச் செய்தியை எல்லோருக்கும் அறிவிப்பார். டயரின் பெட்டிக்கு இவ்வளவு நெருங்கிய உறவு கணினி உலகில் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. எச்சரிக்கைகள் பெருகினால் பார்ப்பவர்கள் மரத்துப்போவார்கள் என்பார்கள், அது மெய்யே. ஆனால் அதற்கு மருந்து எதை எப்போது அறிவிப்பது என்று தரம்பிரிப்பது. வாயை அடைப்பது மருந்தாகாது.

கடைசியாக ஒரு மறுப்பு. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். இணைப்பு உயிரோடு இருப்பதால் அளவு சரி என்றாகிவிடாது. நீர்மட்டம் அளக்கும் மிதவையில் குப்பை சிக்கினால், நலமான கம்பி வழியாகத் தவறான எண் நொடிதோறும் வந்துகொண்டே இருக்கும். ரயில்வேயும் கம்பியை மட்டும் நம்பி இருக்கவில்லை. கேங்குகள் பாதையை நடந்தே பார்த்தன. மழைக்காலத்தில் கரை சரிந்திருக்கிறதா, பாலத்தடியில் மண் அரித்திருக்கிறதா என்பதைக் கண்ணால் கண்டவரின் சொல் கருவியின் சொல்லுக்கு இணையாக மதிக்கப்பட்டது. பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தபின் பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த உலகத்தின் தடயம் குறைந்துவிட்டது. நடந்து பார்க்க வேண்டிய தேவை குறையவில்லை. ஆற்றங்கரையிலோ ஆலை முற்றத்திலோ செத்துப்போன நிலையத்தைத் தேடிப் போய்ச் சேற்றில் இறங்கித் திருத்தும் ஊழியர் இன்றும் வேண்டும். அவருக்கான சம்பளம், நிலையங்களை வாங்கி நட்டுவிட்டு முடிந்துபோகும் ஒப்பந்தத்துக்குள் அடங்காது. அந்த நிலையம் அளக்கும் காலம் முழுவதும் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட வேண்டிய பணம் அது.